காலனி: ஒரே சொல், இரண்டு முகவரி

2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பு செய்தார். 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். வரவேற்போம். ஆனால் இந்தப் பேச்சு எடுத்தாலே ஒரு கேள்வியும் கூடவே வருகிறது: "ரயில்வே காலனி இருக்கு, பேங்க் காலனி இருக்கு. வெறும் இங்கிலீஷ் வார்த்தைக்கு எதுக்கு இவ்வளவு கோபம்?"

சரி, இங்கிலீஷ் வார்த்தையையே பார்ப்போம். அதன் வேர் லத்தீன். 'கொலோனஸ்' என்றால் உழவர். ரோமானியர்கள் ஓய்வுபெற்ற போர்வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர் 'கொலோனியா'. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் பெயர் வந்தது அப்படித்தான். பிறகு ஐரோப்பியர் பிடித்துக்கொண்ட நாடுகள் காலனி ஆயின. அறிவியல் பாடத்தில் எறும்புக்கும் பாக்டீரியாவுக்கும் காலனி உண்டு. நகரத்தில் ஊழியர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு காலனி.

கிராமத்துக்கு வாருங்கள். அங்கே ரயில்வே, பேங்க், டீச்சர்ஸ் என்று முன்னால் எதுவும் வேண்டாம். "காலனிப் பசங்க" என்றாலே போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும். ஊர் வேறு, காலனி வேறு. முன்னால் ஒரு சொல் இருந்தால் அது வேலையைச் சொல்கிறது. தனியாக நின்றால் சாதியைச் சொல்கிறது. நிலம் பெற்றவர்களின் ஊருக்கு ரோம் வைத்த பெயர், இங்கே நிலம் மறுக்கப்பட்டவர்களின் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சாதிப் பெயரைச் சொல்லிப் பொதுவெளியில் திட்டினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. "காலனிக்காரன்தானே நீ" என்று கேட்டால்? "இடத்தைத்தானே கேட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போகலாம். அந்தக் கேள்வி வகுப்பறையில், விடுதியில், வாடகை வீடு தேடும்போது எந்தத் தொனியில் வரும் என்பது உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் பெயரை மாற்றினால் தீர்ந்துவிடுமா? 'சேரி'யைக் கேளுங்கள். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர் கல்வெட்டுகளில் பிராமணர்களின் ஊரே 12 சேரிகளாகப் பிரிந்திருந்தது. அப்போது அது வெறும் குடியிருப்புப் பகுதி. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டில் 'தீண்டாச்சேரி' வருகிறது. காலப்போக்கில் அடைமொழியே தேவைப்படாமல் போனது. சேரி என்றாலே தீண்டாத இடம் என்றானது. சேரி வசையானதும் அரசுக் காகிதத்தில் 'காலனி' வந்தது. ஊருக்கு வெளியே மனைப்பட்டா கொடுத்து, தொகுப்பு வீடு கட்டி, 'ஆதிதிராவிடர் காலனி' என்று பலகை வைத்தார்கள். அடுத்த தலைமுறைக்குள் காலனியும் வசையானது. நாளை 'நகர்' வந்தால் நகரும் அப்படியே ஆகும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறீர்களா? 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். ஒன்று நத்தம் காலனி. இன்னொன்று கொண்டம்பட்டி. மூன்றாவதின் பெயர் அண்ணா நகர். சென்னையிலும் ஓர் அண்ணா நகர் இருக்கிறது. பெயர் ஒன்றுதான். கொளுத்த வந்தவர்கள் பலகையைப் படிக்கவில்லை; யார் வீடு என்று பார்த்தார்கள்.

2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு சுற்றுச்சுவர் சரிந்து தலித் குடியிருப்பில் 17 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இந்த இடங்களுக்கு எவ்வளவு அழகான பெயர் வைத்திருந்தாலும் சுவர் நின்றிருக்குமா, தண்ணீர் சுத்தமாக இருந்திருக்குமா?

பெயரை எடுக்கட்டும். வசைச்சொல்லை அரசே முத்திரை குத்தி முகவரியில் எழுதுவது நிற்க வேண்டியதுதான். ஆனால் அதோடு கணக்கை முடித்துக்கொள்ள விடக்கூடாது. 1892 அரசாணையின்படி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே? புதிய மனைப்பட்டா ஏன் இன்னும் ஊருக்கு வெளியிலேயே, சாதிவாரியாகவே கொடுக்கப்படுகிறது? சுடுகாட்டுக்கு ஏன் தனிப் பாதை, அல்லது பாதையே இல்லாத வயல்வரப்பு?

தோழர்களே, உங்கள் ஊரில் பலகை மாறும் நாளில் கைதட்டுங்கள். மறுநாளே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இப்போது யார் பெயரில், குடிநீர் எங்கிருந்து, மயானப் பாதை எந்த சர்வே எண்ணில் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். ஊரும் காலனியும் இரண்டாக இருக்கும்வரை எந்தப் பெயரும் நமக்குப் புதுப்பெயர் இல்லை.