பட்டது பட்டதுதான்

பருத்தி எடுப்பு நடக்குது, அதான் பத்து நாளா இந்தப் பக்கம் வர முடியல. இன்னைக்கு எடுப்புக்கு ஆள் வரல. பொங்கல்ல இருந்து மனசுல கிடக்குற ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

எங்க டி.கல்லுப்பட்டி பக்கம் கபடி இல்லாத பொங்கல் கிடையாது. மண்ணைக் கொத்தி, கல்லு முள்ளு பொறுக்கி, தண்ணி தெளிச்சு, சுண்ணாம்புக் கோடு போட்டா களம் ரெடி. இந்த வருஷம் சின்னப் பசங்க ஆட்டத்துல என் மகனும் ஆடினான். ஏழாவது படிக்கிறான்.

கடைசி நிமிஷம். ரெண்டு பக்கமும் சமம். பாடி வந்த எதிரணிப் பையனோட விரல் இவன் தோள்ல லேசா பட்டிருக்கு. நடுவர் பார்க்கல. பாடி வந்தவனுக்கே தெரியல, திரும்பிப் போயிட்டான். இவன் தானா கையைத் தூக்கிட்டு கோட்டுக்கு வெளிய போயிட்டான். ஒரு பாயின்ட்ல தோத்தாங்க.

சுத்தி நின்ன பெருசுக "பொழைக்கத் தெரியாத பய"ன்னு ஏசினாங்க. நானும் சும்மா இருக்கல. பைக்குல வரும்போது, "யாருடா பார்த்தா? எதுக்குக் கையைத் தூக்குன?"ன்னு கத்துனேன்.

"பட்டுச்சுப்பா. எனக்குத் தெரியும்ல"ன்னான். வீடு வர்ற வரைக்கும் வேற பேச்சில்ல.

விளையாட்டு பிள்ளைகளுக்கு நல்ல குணத்தைக் கத்துக்கொடுக்கும்னு ஆண்டு விழா மேடையில எல்லாரும் பேசுறோம். உண்மைதான். கபடியையே எடுத்துக்கோங்க. ஏழு பேர் நிக்கிற இடத்துக்குள்ள ஒருத்தன் தனியாப் போகணும், 30 விநாடிக்குள்ள திரும்பணும். அவுட் ஆனவன் வெளிய உட்காரணும். ஆனா கிரிக்கெட்ல அவுட் ஆன பேட்ஸ்மேன் மாதிரி அதோட கதை முடியாது. நம்ம ஆளு ஒருத்தன் எதிரணியில ஒருத்தனை வெளியேத்தினா, முதல்ல வெளிய போனவன் உள்ள வரலாம். தன்னால மட்டும் ஜெயிக்க முடியாதுங்கிறதை, அங்க குத்தவச்சு உட்கார்ந்திருக்கிற பையன் யாரும் சொல்லாமலே தெரிஞ்சுக்கிறான். இதுக்குத் தனியா நீதி வகுப்பு வேணாம்.

ஆனா அதே களத்துலதான் பொய் சொல்லவும், நடுவரை ஏசவும், "அவன் எந்தத் தெருக்காரன்"னு கேட்கவும் பிள்ளைக கத்துக்கிறாங்க. அது ஆட்டத்துல இருந்து வர்றதில்ல. கோட்டுக்கு வெளிய நிக்கிற எங்ககிட்ட இருந்து வருது. நாம எதுக்குக் கைதட்டுறோமோ அதைத்தான் பிள்ளை பிடிச்சுக்கும். இதுதான் நான் சொல்ல வர்றது.

வெளிய நிக்கிற பெரியவங்க எவ்வளவு முக்கியம்னு தெரியணும்னா மதுரைக்குப் பக்கத்துல சக்கிமங்கலத்தைப் பாருங்க. ரேவதி வீரமணி அந்த ஊருப் பொண்ணு. சின்ன வயசுலயே அப்பா அம்மா தவறிட்டாங்க. கூலி வேலை பார்த்து வளர்த்தது பாட்டி. காலுல ஷூ இல்லாம ஓடுன பொண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் அடையாளம் கண்டாரு. பாட்டி நம்பி அனுப்பினாங்க. பேத்தி ஒலிம்பிக் போவாங்கன்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்? 2021ல டோக்கியோவுல கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்துல முகமது அனஸ், சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவோட ரேவதியும் ஓடினாங்க. இறுதிச் சுற்றுக்குப் போகல. அதனால அந்தப் பாட்டி பட்ட பாடு வீணாயிருச்சா? எங்க ஊர்ல எட்டாவது முடிச்ச பொம்பளப் பிள்ளைகளைக் களத்துல பார்க்கவே முடியல. அவங்க வீட்டுலயும் ஒரு பாட்டி வேணும்.

பட்டணத்துல இருக்கிறவங்க மாசாமாசம் பணம் கட்டி பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புறீங்க, நல்லதுதான். ஆட்டம் முடிஞ்சு வர்ற பிள்ளைகிட்ட முதல்ல என்ன கேட்கிறீங்க? "ஜெயிச்சியா?"ன்னுதான? "எப்படி ஆடுன?"ன்னு ஒருநாள் கேட்டுப் பாருங்க. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பரிசுத் தொகையைக் கூட்ட வேணாம். அந்தக் காசுல பிள்ளைகளுக்கு நாலு பந்து வாங்கிட்டு வாங்க, போதும்.

கடைசியா ஒண்ணு. எடை கூடட்டும்னு பருத்தியில தண்ணி தெளிக்கிறது எங்க பக்கம் புதுசு இல்ல. வாங்குறவர் எடையில அடிக்கிறாரு, நாம தண்ணியில அடிப்போம்னு ஒரு ஞாயம் வேற. நானும் செஞ்சிருக்கேன். போன வாரம் குடத்தோட நிக்கும்போது சாக்கு வாயைப் பிடிச்சுட்டு நின்னது என் மகன். அவன் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் கை வரல, குடத்தைக் கீழே வச்சுட்டேன். கையில வந்த காசு கொஞ்சம் கொறஞ்சுதான் போச்சு.

பொங்கலன்னைக்கு நீ செஞ்சதுதான் சரின்னு அவன்கிட்ட நான் இன்னும் சொல்லல. பள்ளிக்கூடம் விட்டு வரட்டும், சொல்லணும்.