மூன்று புள்ளியில் போன தங்கம்

ராயகிரி பக்கத்து கபடி ரசிகர்களிடம் 2018 ஜகார்த்தா பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். "நம்ம வெளையாட்டுல நம்மளையே தோக்கடிச்சிட்டாவளே!" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அந்த வருத்தம் நியாயமானதுதான். கிரிக்கெட்டில் தோற்றால் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். கபடி அப்படியா? தெற்கத்தி ஊர்களில் அது முழங்கால் தோல் உரிய மண்ணில் கற்ற விளையாட்டு. கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி" என்று போஸ்டர் ஒட்டி, விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற விளையாட்டு.

அப்படிப்பட்டவர்களுக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் அடுத்தடுத்து இரண்டு அடி. 1990-லிருந்து 2014 வரை ஏழு முறையும் தங்கம் வாங்கிய ஆண்கள் அணி, 2018 அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. மறுநாள் ஆகஸ்ட் 24, பெண்கள் இறுதிப் போட்டி. எதிரே அதே ஈரான். 2010, 2014 என்று இரண்டு தங்கம் வைத்திருந்த இந்தியப் பெண்கள் 24-27 என்று தோற்றார்கள். வெறும் மூன்று புள்ளி! ஒரே ஒரு நல்ல ரெய்டில் எடுத்துவிடக்கூடிய புள்ளிகள்.

அதற்கும் மேல் ஒரு செய்தி. ஈரான் பெண்கள் அணியின் பயிற்சியாளர் ஷைலஜா ஜெயின், நாசிக்கைச் சேர்ந்தவர். உடனே "நம்ம நாட்டு அம்மாவே போய்ச் சொல்லிக் கொடுத்துட்டாங்க" என்று கோபம் கிளம்பியது. துரோகம் என்ற வார்த்தை கூட வந்தது.

இது என்ன நியாயம்? இங்கே படித்த டாக்டர் வெளிநாட்டில் பெயர் வாங்கினால் பெருமை, கபடி கோச் பெயர் வாங்கினால் துரோகமா? ஈரான் அழைத்தது, போனார். அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டு, பெண்களுக்கு யோகாவும் மூச்சுப் பயிற்சியும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார். செய்த வேலையை ஒழுங்காகச் செய்தார், அவ்வளவுதான்.

வணிகவியல் வகுப்பில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள்: ஒரே கடை இருக்கிற தெருவில் சரக்கின் தரம் உயராது. எதிரே இன்னொரு கடை வந்தால்தான் முதல் கடைக்காரர் தராசைத் துடைப்பார். கபடிக்கும் அதே கணக்குதான். எப்போதும் ஒரே நாடு ஜெயிக்கிற ஆட்டத்தை உலகம் எத்தனை நாள் பார்க்கும்? 2023-ல் ஹாங்சோவில் பெண்கள் அணி தங்கத்தைத் திரும்ப வாங்கியபோது சீன தைபேயுடன் ஸ்கோர் 26-25. ஒரே புள்ளி! அந்தக் கடைசி நிமிடப் படபடப்பு பழைய சுலப வெற்றிகளில் கிடைத்திருக்குமா?

ஆகவே ராயகிரி ரசிகர் கோபப்பட வேண்டிய இடம் ஈரான் அல்ல, சொந்த ஊர் மைதானம்.

அந்த மின்னொளிப் போட்டி போஸ்டர்களை இன்னொரு முறை பாருங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆட்டுக்கிடா, சுழற்கோப்பை எல்லாம் இருக்கும். பெண்கள் அணிக்கு என்று ஒரு வரி எத்தனை போஸ்டரில் இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடுகிற பெண், வயதுக்கு வந்ததும் "போதும், வீட்ல இரு" என்று நிறுத்தப்படுகிறாள். ஈரான் பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து தங்கம் வாங்கிப் போனார்கள். இங்கே அரை டிராயரைக் காரணம் காட்டிப் பெண்ணை மைதானத்துக்கே அனுப்புவதில்லை.

அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் ஈரானையே இறுதிப் போட்டியில் வென்றார்கள். அந்த அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார்.

மூன்று புள்ளிக்காக இன்னும் வருத்தப்படுகிறவர்கள், அடுத்த கொடைக்குப் போஸ்டர் அடிக்கும்போது பெண்களுக்கும் ஒரு வரி சேர்த்து அடிக்கட்டும். ஜகார்த்தாவில் விட்ட புள்ளியை அங்கேயிருந்துதான் எடுக்க முடியும்.