கையெழுத்து எங்கேயோ, அத்திவாரம் இங்கே

மட்டக்களப்பில் வீடு கட்டுறவரிட்ட "உங்கட எஞ்சினியர் ஆரு?" எண்டு கேட்டால், பிளானில் கையெழுத்து வைச்சவரின் பெயரைச் சொல்லுவார். அவர் அத்திவாரக் கிடங்கைக் கண்ணால கண்டாரா எண்டு கேட்டால், பல நேரம் சிரிப்புத்தான் பதில். படம் கீறினது இன்னொருத்தர். கிடங்குக்குள்ள இறங்கி நிண்டது தொழில்நுட்பக் கல்லூரியில் படிச்ச ஊர்ப் பொடியன். அவன்ட பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லை. நாளைக்குச் சுவர் வெடிச்சால் ஆரைப் பிடிக்கிறது?

2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க இலங்கை பொறியியல் பேரவைச் சட்டம், பொறியியல் தொழில் செய்யிறவர் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. பட்டயப் பொறியியலாளர் மட்டுமல்ல, கீழ்ப்படியில் உள்ள தொழில்நுட்பவியலாளரும் அதற்குள் வருகிறார். நல்ல சட்டம்தான். 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட மண் இது. "வேலை தெரிஞ்சாப் போதும், பதிவு எதுக்கு?" என்று கதைக்கிற எங்கட ஆக்களோடயும் எங்களுக்குச் சண்டைதான்.

ஆனால் அந்தப் பதிவுக்குப் போற வழி எங்க கிடக்கு? பொறியியலாளர் நிறுவகம் கொழும்பு 7, விஜேராம மாவத்தையில். கொந்தராத்துக்காரரைப் பதிந்து தரம் பிரிக்கிற நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையும் அதே வீதியில்தான். பட்டயம் பெற பட்டம் வேணும், பயிற்சி வேணும், வருசக்கணக்கில் அனுபவம் வேணும். மறுகா அறிக்கை, நேர்முகம், அதுவும் ஆங்கிலத்தில். 2013இல் கல்லடிப் புதுப்பாலம், 2014இல் மண்முனைப் பாலம், ரெண்டும் ஜப்பான் உதவியோடு திறந்தாச்சு. அந்த மாதிரி வேலைத்தளங்களில் நிக்கிற எங்கட பொடியனுக்கு, "இதை எழுதி ஒப்பம் வாங்கி வை, பிறகு பதிவுக்கு உதவும்" என்று சொல்லிக் குடுக்க ஆரு இருக்கினம்?

தரம் வேணுமெண்டால் இறுக்கமாத்தான் இருக்கணும் என்பார்கள். இருக்கட்டும். கொங்கிரீட்டில், கம்பியில், கணக்கில் இறுக்கிப் பிடியுங்கள். இரவுக் கோச்சிக் காசும் ஆங்கிலப் பேச்சும் எந்தத் தூணின் பலத்தை அளக்கும்? வாவியோர மணலில் உப்பு எவ்வளவு, எத்தனை அடியில் தண்ணி ஊறும், முகத்துவாரம் வெட்டுற வரைக்கும் வெள்ளம் எந்தப் படிக்கு ஏறும் என்பதெல்லாம் இங்க நிண்டு பாத்தவனுக்குத்தான் தெரியும். அவனைப் பதிவுக்கு வெளியே வைத்துவிட்டு, எதைத் தரம் எண்டு சொல்றம்?

எங்கட கோரிக்கை மூண்டு. வருசத்துக்கு ஒருக்காவாவது பதிவு நேர்முகம் மட்டக்களப்பில் நடக்க வேணும். தொழில்நுட்பவியலாளர் படிகளுக்கு விண்ணப்பமும் வழிகாட்டலும் நேர்முகமும் தமிழில் வேணும். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியது பெயர்ப்பலகைக்கு மட்டுமா? மூண்டாவது, உள்ளூராட்சி சபைக்குப் போற ஒவ்வொரு பிளானிலும், கையெழுத்து வைக்கிறவரோடு சேர்த்து, படம் கீறினவர், வேலைத்தளத்தைப் பாக்கிறவர் பெயர்களும் பதிவிலக்கமும் இருக்க வேணும்.

முதல் ரெண்டுக்கும் கொழும்பு அசைய வேணும். மூண்டாவதை எங்கட மாநகர சபையிலும் பிரதேச சபைகளிலும் இருந்தே கேட்கத் தொடங்கலாம். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீடு கட்டுற ஒவ்வொருத்தரும் காசு குடுக்க முதல் கேளுங்க: கையெழுத்து வைக்கிறவர் கிடங்கு வெட்டுற அண்டைக்கு வருவாரா? வரமாட்டாரெண்டால், வாறவர் ஆரு, அவர்ட பதிவு எங்க?