நட்போ காதலோ எனத் தெரிதல்

சென்ற பருவத்தில் ஒரு நாட் காலை யாங்கள் வகுப்பிற் புகுந்தபொழுது, கரும்பலகையில் இரு பெயர்கள் எழுதப்பட்டு, அவற்றினிடையே ஒரு கூட்டற்குறியும் இடப்பட்டிருந்தது. ஒன்று எம்முடன் பயிலும் மாணவன் பெயர். மற்றொன்று மாணவியின் பெயர். அவ்விருவரும் செய்த குற்றம், நூலகத்தில் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே புறநானூற்றுப் பிரதியை நடுவில் வைத்துக்கொண்டு, மூன்று திங்களாகப் பாட்டும் உரையும் ஆராய்ந்ததேயாம். அதனைக் கண்டு சிரித்தவர்களுள் யானும் ஒருவன். இதனை முதற்கண் ஒப்புக்கொண்டே எழுதத் தொடங்குகின்றேன்.

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கலாகாது என்பது எங்கள் ஆச்சியின் முடிந்த முடிபு. பஞ்சிற்கும் நெருப்பிற்கும் மனச்சான்று இல்லை. புறநானூற்றில் ஐயம் நிகழ்வதும் இல்லை. ஆகலின் உவமை முற்றும் பொருந்தாது. ஆயினும் பழமொழியை அறவே தள்ளிவிடவும் எனக்குத் துணிவில்லை. நட்பாய்த் தோன்றிக் காதலாய் முதிர்ந்தவை உள. நட்பென்னும் போர்வையிற் காதலை மறைப்பாரும் உளர். எனவே, ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ளது நட்போ காதலோ எனத் தெரிய விரும்புதல் இயற்கையே. அதனைத் தெரிதற்கு உரியார் யாவர் என்பதே யான் கேட்கும் வினா.

நம் முன்னோர் இதற்கு அடையாளங்களை வகுத்திலர் அல்லர். வள்ளுவர் 'குறிப்பறிதல்' என ஓர் அதிகாரமே அமைத்தார். பிறர் முன்னிலையில் அயலார் போல ஒருவரையொருவர் பொதுவாக நோக்கிச் செல்லுதல் காதலரிடத்தே உள்ளதோர் இயல்பு என அதிற் கூறுகின்றார். அவ்வடையாளத்தைக் கொண்டு நோக்கின், பலருங் காணப் பகலெல்லாம் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரு சொல்லின் பொருளுக்காக நூலகர் அதட்டும் அளவும் வழக்காடிய அவ்விருவரைக் காதலர் என்பது எங்ஙனம்?

களவியல் கூறும் இலக்கணம் இன்னும் நுட்பமானது. தலைவியின் உள்ளத்தைத் தோழி உணரும் வாயில்கள் மூன்று: தலைவியின் வேறுபாட்டைத் தானே முன்னர் உணர்தல், தலைவன் தன் குறையைக் கூறி இரத்தலால் உணர்தல், தாங்கள் இருவரும் ஒருங்கிருக்கும்பொழுது அவன் வர உணர்தல். இதனை மதியுடம்படுதல் என்பர். இத்துணை கூர்ந்து நோக்கும் உரிமையைத் தோழிக்குத் தந்தமைக்குக் காரணம் உண்டு. உணர்ந்ததை அவள் ஊரறியச் சொல்லுவதில்லை. செவிலி வினவுங்கால் தலைவியின் பக்கம் நின்று அறத்தொடு நிற்பவளும் அவளே. சுமையை ஏற்பவளுக்கே ஆராயும் உரிமை. அதே அகப்பாட்டில் அலர் தூற்றும் பெண்டிரும் வருகின்றனர். அவர்கள் ஒன்றையும் ஆராய்ந்ததில்லை. எனினும் அவர்களுக்கு யாவும் தெரியும். எங்கள் வகுப்பில் தோழியர் ஒருவரும் இலர். அலர்ப்பெண்டிர் ஆடவரும் மகளிருமாய் நாற்பதின்மர் இருந்தோம்.

அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. அவ்விதியைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற கைகளே கரும்பலகையில் அவ்விரு பெயர்களையும் எழுதின. அது காதலாயின் பெயர் சுட்டியது வழு. நட்பாயின் கூட்டற்குறி பொய்.

ஔவையார்க்கும் தகடூர் அதியமானுக்கும் இருந்தது இன்னது என்பதில் இன்று எவர்க்கும் ஐயமில்லை. அரிதிற் பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது, அதன் பயனையும் சொல்லாது அவர்க்கு ஈந்தான் அவன். அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றார் அவர். அவன் இறந்தபொழுது பாடிய கையறுநிலையில் (புறம் 235), சிறிதளவு கள் பெற்றாலும் தமக்கே தந்ததையும், நறுமணங் கமழும் கையால் தம் தலையைத் தடவியதையும் ஒளிக்காது கூறுகின்றார். அவன் பெயர் சொல்லிப் பாடுதற்கு அவருக்கு நாணமில்லை. பாட்டுக்கள் புறத்தில் நிற்கின்றன. இத்துணைச் செய்தியை ஒரு மாணவி தன் நாட்குறிப்பில் எழுதியிருப்பின் யாம் என் சொல்லியிருப்போம்?

ஔவையார் என்றவுடன் நம் மனக்கண் முன் நிற்பவர் கோலூன்றிய மூதாட்டி. 1953ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நடித்த வடிவம் அது. ஆனால் ஔவையார் எனப் பெயரியோர் பலர் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. அவர் பாடிய புறம் 89இல் பகையரசன் ஒளிபொருந்திய நெற்றியையுடைய இளம் விறலி ஒருத்தியை விளித்து வினவுகின்றான். அவ்விறலி பாடினவரே எனக் கொள்வாரும் உளர். நரையையும் கோலையும் அவர்க்கு அளித்தாலன்றி அந்நட்பை நட்பென ஏற்க நமக்கு மனம் வரவில்லை போலும்!

நம் பாளையங்கோட்டையிலேயே ஒரு சான்று உண்டு. லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவருடன் வாழ்ந்த பிராமணக் கைம்பெண் ஒருவர் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் வேண்டினார். மணவாத வாழ்க்கையைக் காரணங் காட்டி ஐயர் முதலில் மறுத்தார். அப்படைத்தலைவர் இறந்த பின்னர், 1778இல், அவருக்குக் குளோரிந்தா என்னும் பெயரிட்டு ஞானஸ்நானம் அளித்தார். அவ்வம்மையார் எழுப்பிய ஆலயத்தை 1785இல் பிரதிஷ்டை செய்தவரும் அவரே. ஐயர் அவ்வம்மையாரின் வாழ்க்கையை வினவினார் எனின், அவரது ஆன்மாவின் பொறுப்பு அவர் கையில் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. வினவியதோடு கைவிடவும் இல்லை. மாதவையா 1915இல் நாவல் எழுதிய நாள்முதல் நாம் அவ்வம்மையாரின் காதலைப் பற்றிப் பேசும் அளவிற்கு அவர் கட்டிய சபையைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் தாழ்மையான குறை.

சீகார் ஊர்க் கிணற்றருகே நம் ஆண்டவர் சமாரியப் பெண்ணோடு தனித்துப் பேசிக்கொண்டிருந்தபொழுது, ஊருக்குள் உணவு வாங்கச் சென்ற சீடர் திரும்பி வந்தனர். வியந்தனர், ஆயினும் எவரும் ஒன்றும் கேட்டிலர் என யோவான் எழுதுகின்றார். பலவிடத்தும் தடுமாறிய அச்சீடரிடத்து யான் பொறாமை கொள்ளும் இடம் இது.

எங்கள் கரும்பலகையை ஆசிரியர் ஒரு நொடியில் அழித்துவிட்டார். செய்தியோ அன்று மாலையே சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, அவள் இல்லத்தை அடைந்தது. மறுநாள் அவள் தந்தையார் கல்லூரிக்கு வந்தார். அன்றுமுதல் அவளைக் கொணர்வதும் அழைத்தேகுவதும் பள்ளியிற் பயிலும் தம்பியின் கடமையாயின. அவனுக்கு நேர்ந்தது யாது? தோழர் சிலர் முதுகில் தட்டிக்கொடுத்தனர், அவ்வளவே. ஒரே கூட்டற்குறியின் இருபுறத்தும் நின்ற இரு பெயர்களுக்கு விலை ஒன்றாக இல்லை.

இப்பொழுது அவள் முன்வரிசையில் அமர்கின்றாள்; அவன் சாளரத்தருகே கடைவரிசையில். எதிரெதிரே வரினும் அயலார் போலப் பார்த்துக் கடக்கின்றனர். வள்ளுவர் சொன்ன அடையாளம் இன்று அவர்களிடம் முற்றும் பொருந்திவிட்டது. முன்னர் ஐயுறாதிருந்த சிலரும் அதனைக் கண்டு, "அப்பொழுதே சொன்னோம் அல்லவா?" என்கின்றனர்.

அப்புறநானூற்றுப் பிரதி அவனுடையது. அதனை அவனிடம் சேர்ப்பிக்குமாறு சென்ற வாரம் அவள் என் கையிற் கொடுத்தாள். ஏதேனும் சொல்லவேண்டுமோ என்றேன். "240 வரை முடிந்தது, மற்றவற்றைத் தனியே படித்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றாள். அங்ஙனமே சொன்னேன்.