வெயிட்டான விஷயம்!

கோரிமேட்டில் என் நண்பன் டிரெய்லர் வாங்கப் போனான். சினிமா டிரெய்லர் இல்லை சார். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற டிபன் கடை! ஜிப்மர் வாசலில் விடிகாலையிலிருந்து பசியோடு காத்திருக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்களை நம்பி, பி.எஃப். பணம் மொத்தத்தையும் எடுத்துவிட்டான். துணைக்கு நான்.

"வெறும் 450 கிலோதான் சார். பொம்மை மாதிரி பின்னாடியே வரும்" என்றார் விற்கிறவர்.

"சாமான் ஏத்தினப்புறம்?"

சம்சாரத்தின் வயசைக் கேட்ட மாதிரி முறைத்தார்.

ஆபீஸ் போகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சம்பளச் சீட்டில் மேலே பெரிய தொகை, கையில் வருவது சின்னது. டிரெய்லரில் தலைகீழ். சொல்வது சின்னது, ரோட்டில் ஓடுவது பெரிசு.

பஸ் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். கடைக்கான சிலிண்டரில் கேஸ் மட்டும் 19 கிலோ, இரும்பும் கிட்டத்தட்ட அவ்வளவு. இரண்டு சிலிண்டர் 75. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, டிரம் 200. மூன்றுக்கு இரண்டு அடியில், 12 மி.மீ. தடிமனில் தோசைக்கல் 50. மாவு 40. அடுப்பு, பாத்திரம் 60. ஆக 425!

அடுத்து டயர். பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் 69 என்று பொறித்திருந்தது. அது விலை இல்லை. 69 என்றால் ஒரு டயர் தாங்குவது 325 கிலோ. இரண்டுக்கு 650. (80 என்றிருந்தால் டயருக்கு 450.)

"எதுக்கும் எடை மேடையில ஏத்திடலாம்" என்றேன். அரை மனசாக வந்தார்.

காலி வண்டி... 650! நண்பனுக்கு வேர்த்துவிட்டது.

"அண்ணே, நீங்க ரெண்டு பேரும் இறங்குங்க" என்று உள்ளேயிருந்து பையன் கத்தினான். இறங்கினோம். 510.

"மீதி 60 கிலோ எங்கேர்ந்து வந்தது?"

"கூரை, கவுன்ட்டர், போர்டு எல்லாம் அப்புறம் போட்டது சார்..."

510-ம் 425-ம் 935. டயர் தாங்குவது 650. இழுக்கப்போவது நண்பனின் பழைய மாருதி 800. அதன் எடையே சுமார் 650 கிலோதான்!

"டேய், கிளம்பும்போது நீ இதை இழுப்பே. பிரேக் போட்டா இது உன்னைத் தள்ளும். தண்ணி டிரம்மைப் பின்கோடியில வச்சியோ, வண்டி வாலாட்டும்" என்றேன். நண்பன் பேசவில்லை. அட்வான்ஸ் பணம் பாக்கெட்டிலேயே வீடு திரும்பியது.

நீங்களும் வாங்குவதாக இருந்தால், காலி எடையை எடை மேடையில் கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள். ஏற்றப்போகிற தண்ணீர் வரை கூட்டுங்கள். டயரைப் படியுங்கள். அப்புறம் விலை பேசுங்கள்.

நண்பன் இப்போது தள்ளுவண்டி பார்க்கிறான். "இதுக்கு டயர் நம்பர் வேணாம்டா, பாரம் ஜாஸ்தின்னா முதுகே சொல்லிடும்" என்கிறான். எடை மேடையில் எங்கள் இருவர் பங்கு 140 கிலோ என்பதைத்தான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை!