பழுது எங்கே என்று முதலில் கேட்போம்

(மாணவர் கட்டுரை – பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல், மூன்றாம் ஆண்டு)

"சார், நெட் வரவில்லை!"

நம் ஆய்வகத்தில் ஓராண்டில் மிகுதியாக ஒலிக்கும் வாக்கியம் எது என்று ஒரு போட்டி வைத்தால், இந்த மூன்று சொற்களுக்கே முதற்பரிசு கிடைக்கும். இவ்வாக்கியம் பிறந்த மறுநொடியில் என்ன நடக்கிறது? ஒருவர் கணிப்பொறியை அணைத்துவிட்டு மீண்டும் போடுகிறார். இன்னொருவர் கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறார். மற்றவர்கள் அரட்டையில் இறங்குகிறார்கள். "மெக்கானிக் வந்து பார்ப்பார்" என்ற தீர்ப்போடு அன்றைய செய்முறை வகுப்பு முடிந்துவிடுகிறது.

யாரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. பல கல்லூரிகளிலும் இதே நிலைதான். ஆனால் கணிப்பொறி அறிவியல் பயிலும் நாமே, இரண்டு லினக்ஸ் கணிப்பொறிகளுக்கிடையே இணைப்பு அறுந்தால் கைகட்டி நிற்பது முறையா? பழுதைக் கண்டறிவதும், தொலைவில் இருக்கும் கணிப்பொறியைப் பாதுகாப்பாக இயக்குவதும் நமக்குச் செய்முறைப் பாடமாக வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் சக மாணவர்கள் முன்னும் வைக்கிறேன்.

அருகிலிருந்து தொலைவுக்கு

மருந்து கொடுக்கும் முன் நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று ஆராயச் சொன்னார் வள்ளுவர். கணிப்பொறி இணைப்புக்கும் அதுவே வழி. ஆராய்ச்சி அருகிலிருந்து தொடங்கித் தொலைவுக்குப் போகவேண்டும்.

முதற்கேள்வி: கேபிள் செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா? எரியவில்லையென்றால் குற்றம் கேபிளிலோ ஸ்விட்சிலோ இருக்கக்கூடும். மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. இரண்டாவது: நம் கணிப்பொறிக்கு முகவரி கிடைத்திருக்கிறதா? லினக்ஸில் 'ஐபி' என்ற கட்டளையைக் கொடுத்தால் சொல்லிவிடும். முகவரியே இல்லையென்றாலோ, 169.254 என்று தொடங்கினாலோ, முகவரி வழங்கும் ரூட்டர் நமக்குப் பதில் தரவில்லை என்று பொருள். மூன்றாவது: அந்த ரூட்டரை நம்மால் எட்ட முடிகிறதா? நான்காவது: வெளியே ஒரு கணிப்பொறியை அதன் எண்ணால் எட்ட முடிகிறதா? ஐந்தாவது: அதையே பெயரால் எட்ட முடிகிறதா? எண்ணால் முடிந்து பெயரால் முடியவில்லையென்றால், பாதை நன்றாயிருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில்தான் கோளாறு.

இந்த 'எட்ட முடிகிறதா' என்ற கேள்விக்கு நாம் பயன்படுத்தும் கருவி 'பிங்'. இதனை 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் எழுதினார். அவரும் ஒரு நெட்வொர்க் கோளாற்றைத் தேடும்போதுதான் எழுதினார்! நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் முறையே அதற்கு முன்மாதிரி. பெயரும் அவ்வொலியிலிருந்தே வந்தது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும். எதிரொலி வராததாலேயே எதிர்ப்புறம் இறந்துவிட்டது என்று முடிவு கட்டலாகாது. சில கணிப்பொறிகள் பாதுகாப்புக் கருதி இவ்வழைப்புக்குப் பதில் சொல்லாமலே இருக்கும்.

ஐந்து கேள்விகளுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும். இவற்றுக்கு விடை கண்டபின் மெக்கானிக்கை அழைத்தால் கூட, "நெட் வரவில்லை" என்று சொல்லமாட்டோம். "ரூட்டர் வரை போகிறது, அதற்கு அப்பால் போகவில்லை" என்று சொல்வோம். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கணிப்பொறி சொல்லும் பதில்

ஒரு லினக்ஸ் கணிப்பொறியிலிருந்து மற்றொன்றினுள் நுழைந்து வேலை செய்ய இன்று பெரிதும் பயன்படுவது எஸ்எஸ்எச். நுழைய முடியாதபோது அது ஒரு வரி எழுதிக் காட்டும். நம்மில் பலர் அவ்வரியைப் படிப்பதேயில்லை. "எரர் வருகிறது" என்று மட்டும் சொல்கிறோம். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு செய்தி!

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால், பெரும்பாலும் நம் அழைப்பு அவ்வீட்டு வாசல் வரை போய்விட்டது. கதவைத் திறக்க உள்ளே ஆளில்லை. அங்கே எஸ்எஸ்எச் சேவை ஓடவில்லை, அல்லது வழக்கமான 22-ஆம் எண் வாசலை விட்டு வேறு வாசலில் ஓடுகிறது. 'டைம்டு அவுட்' என்று வந்தால் பதிலே இல்லை; கணிப்பொறி அணைந்திருக்கலாம், பாதை அறுந்திருக்கலாம், அல்லது ஃபயர்வால் நம் அழைப்பை ஓசையின்றி விழுங்கியிருக்கலாம். 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தால் மகிழுங்கள்! நெட்வொர்க்கில் ஒரு குறையும் இல்லை. பெயரோ கடவுச்சொல்லோ சாவியோதான் தவறு. இந்நிலையில் கேபிளைப் பிடுங்குவது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பது போன்றது.

நான்காவதாக ஒன்றுண்டு. எதிர்க் கணிப்பொறியின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வரும். அதில் புதிதாக லினக்ஸ் நிறுவியிருக்கலாம். அதன் முகவரி வேறொரு கணிப்பொறிக்குப் போயிருக்கலாம். அரிதாக, யாரேனும் ஆள்மாறாட்டமும் செய்யலாம். பழைய அடையாளத்தை அழித்துவிட்டு உள்ளே போவதே நம் வழக்கம். பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டபின் அழிப்பதே அறிவுடைமை.

தேனி கற்பித்த பாடம்

இதெல்லாம் ஆய்வகத்துச் சிறு தொல்லை என்று எண்ணுவோருக்கு, நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன்.

மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இலர். சிற்றூர் மக்கள் கண் பரிசோதனைக்காக நகருக்கு அலையாதிருக்க, தேனி மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்நிறுவனம் சிறு பார்வை மையங்களை நிறுவியது. மையத்தில் நோயாளி அமர்ந்திருப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் அவரோடு பேசுவார். இதற்கான இணைப்பைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி ஆய்வாளர்கள் அமைத்துத் தந்தார்கள். வீட்டுக்குள் சில அறைகளைத் தாண்டாத சாதாரண வைஃபை கருவியையே உயர்ந்த கோபுரங்களில் ஏற்றி, திசை ஆன்டெனா பொருத்தி, பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் பேச வைத்தார்கள். கோபுரத்தில் இருந்த ஒவ்வொரு ரூட்டரும் லினக்ஸ் ஓடும் ஒரு சிறு கணிப்பொறியே.

கட்டியது பெரிதன்று, கட்டியதைக் காப்பதே பெரும்பாடாயிற்று. பழுதுகளில் மிகுதியானவை மின்சாரத்தால் வந்தவை. மின்னழுத்தம் திடீரென ஏறும், இறங்கும். கருவி கெடும், அல்லது செத்துப் பிழைத்து நினைவட்டையில் உள்ளதைக் கெடுத்துக்கொள்ளும். எங்கிருந்து பார்த்தாலும் "லிங்க் இல்லை" என்ற ஒரே குறிதான் தெரியும். காரணமோ மின்சாரம், கருவி, ஆன்டெனாவின் திசை, மென்பொருள் எதுவாகவும் இருக்கலாம். ஆராய்வோர் அமெரிக்காவில், ரூட்டர்களோ தேனியில், வெளியிலிருந்து நேரே அழைக்கவும் வழியில்லை. என்ன செய்தார்கள்? ரூட்டரையே வெளியே அழைக்கச் செய்தார்கள். அது தானாக அமெரிக்கக் கணிப்பொறிக்கு ஓர் எஸ்எஸ்எச் இணைப்பை ஏற்படுத்திக் காத்திருக்கும். அந்தச் சுரங்கப் பாதையின் வழியே ஆய்வாளர்கள் திரும்பி உள்ளே வருவார்கள்.

2008-இல் வெளியிட்ட ஆய்வுரையில் இவ்வனுபவத்தை அவர்கள் எழுதினார்கள். அதில் என்னைக் கவர்ந்தது ஒன்று. தொலைவிலுள்ள நிபுணரை மட்டும் நம்பினால் கிராமத்து நெட்வொர்க் நிலைக்காது; அங்கேயே இருக்கும் பணியாளர்கள் பழுதை இனங்காணக் கற்கவேண்டும் என்பதே அது. ஒரு பழுதை விரைந்து கண்டால் ஒரு முதியவர் அன்றே மருத்துவரோடு பேசுவார். காணாவிட்டால் வந்த வழியே திரும்புவார். கேபிளும் முகவரியும் அவ்வளவு சிறிய செய்திகள் அல்ல!

பாரிவாக்கத்திலிருந்து ஆய்வகத்துக்கு

நம் ஊர்ப்பக்கம் வருவோம். பூவிருந்தவல்லி – ஆவடி சாலையில் பாரிவாக்கம் இருக்கிறது. அங்கிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வரும் மாணவருக்குக் கல்லூரி முடிந்தால் பேருந்தைப் பிடிக்கும் அவசரம். ஆய்வகத்தில் பாதியில் விட்ட நிரலை இரவில் தொடர வழியுண்டா?

2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. தொடக்க ஆண்டுகளில் வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அண்ணனோ அக்காளோ பெற்ற அத்தகைய மடிக்கணினி இன்றும் சில வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. புதிய மென்பொருள்களைச் சுமக்க அதற்கு வலுவில்லை. ஆனால் எஸ்எஸ்எச்சுக்கு வலு வேண்டியதில்லை. நாம் தட்டும் எழுத்து போகிறது. விடை எழுத்தாக வருகிறது. உழைப்பதெல்லாம் ஆய்வகத்துக் கணிப்பொறி. இந்தப் பழைய மடிக்கணினியும் செல்பேசியின் இணைய இணைப்புமே போதும்.

இடையில் ஒரு தடை உண்டு. ஆய்வகக் கணிப்பொறியின் முகவரி 192.168 என்று தொடங்கும். இது ஒரு தெருவின் கதவு எண் போன்றது. 'காந்தி தெரு, 5-ஆம் எண்' எத்தனையோ ஊர்களில் இருக்கிறதல்லவா? ஊர்ப்பெயர் இல்லாமல் கடிதம் எங்கே சேரும்? பழைய முறையில் உலகுக்கு மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். அவை போதாமையால் பலருக்கு ஒரே பொதுமுகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். ஆகவே வெளியிலிருந்து நேரே உள்ளே அழைக்க இயலாது. தேனியில் செய்ததையே இங்கும் செய்யலாம்: பொதுமுகவரி உள்ள ஓர் இடைக் கணிப்பொறியை ஆய்வகமே அழைத்துக் காத்திருக்கட்டும், நாம் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வோம்.

பூட்டும் சாவியும்

"வாசலைத் திறந்துவிட்டால் திருடன் வரமாட்டானா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எஸ்எஸ்எச் பிறந்ததே திருட்டினால்தான். 1995-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டார்கள். அதுவரை இருந்த டெல்நெட் போன்ற முறைகளில் கடவுச்சொல் அஞ்சலட்டையில் எழுதியதுபோல் வெட்டவெளியில் சென்றது. அதைக் கண்டு டாட்டு யிலோனென் என்ற ஆய்வாளர் எழுதியதே இந்த மறைகுறி முறை.

கடவுச்சொல்லை விட்டுச் சாவிக்கோப்பு முறைக்கு மாறவேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் தனிச் சாவி. பொதுக் கணக்கு கூடாது. யார் எப்போது வந்தார் என்ற பதிவு இருக்கவேண்டும். படிப்பு முடிந்ததும் சாவி செல்லாது. முதல்வரின் எழுத்து மூலமான அனுமதியும் வேண்டும். அனுமதியின்றிப் பிறர் கணிப்பொறியில் நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். கதவு திறந்துகிடந்தது என்பது சாக்காகாது.

கூர்ந்து நோக்கும் பழக்கமும் ஒரு பூட்டுத்தான். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தம் சோதனைக் கணிப்பொறியில் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கண்டார். நாமாயிருந்தால் "இன்று நெட் மெதுவாக இருக்கிறது" என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்தபோது, 'எக்ஸ்இசட்' என்ற கோப்புச் சுருக்கு மென்பொருளுக்குள் எவரோ ஒருவர் நம்பிக்கையானவர்போல் நடித்து வைத்த கள்ளவாசல் வெளிப்பட்டது. உலகெங்கும் உள்ள லினக்ஸ் சர்வர்களுக்குப் பரவுமுன் அது தடுக்கப்பட்டது. அரை நொடியை அலட்சியம் செய்யாத ஒருவரால் விளைந்த நன்மை இது!

நாம் செய்ய வேண்டியவை

என் வேண்டுகோள்கள் நான்கு.

ஒன்று: பருவத்துக்கு இரண்டு செய்முறை வகுப்புகளைப் பழுது தேடலுக்கு ஒதுக்கவேண்டும். ஆசிரியரே வேண்டுமென்று ஒரு பழுதை உண்டாக்கட்டும், மாணவர் தேடட்டும். சரிசெய்த வேகத்துக்கு அன்றி, தேடிய முறைக்கு மதிப்பெண் தரவேண்டும்.

இரண்டு: ஆய்வகத்தில் ஒரு பழுதுப் பதிவேடு. நாள், குறி, பார்த்தவை, காரணம், தீர்வு – இவ்வளவே. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இன்று நாம் எழுதுவது அடுத்த ஆண்டு தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் பாடநூலாகும்.

மூன்று: கழித்துக்கட்டிய ஒரு பழைய கணிப்பொறியில் லினக்ஸ் நிறுவி, மேற்சொன்ன காவல்களோடு தொலைநுழைவுக்கு விடவேண்டும். அதில் தேர்வுக் கோப்புகளோ அலுவலகக் கோப்புகளோ இருத்தலாகாது.

நான்கு: "தொடாதே" என்ற பலகையைக் கழற்றவேண்டும். தொட்டுக் கெடுப்போம் என்ற அச்சத்தில் தொடாமலே பட்டம் பெற்றால், வேலைக்குப் போகும் முதல் நாளில் யாரைத் தொடச் சொல்வோம்?

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை நம் பகுதியின் பெருமை. அங்கே இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொல்லும் மூத்த தொழிலாளர்கள் பலர். அவர்கள் அக்கலையைப் புத்தகத்தில் மட்டும் படித்து வரவில்லை. திறந்து பார்த்து, தவறான இடத்தைத் தட்டி, பிறகு சரியான இடத்தைத் தட்டிக் கற்றார்கள். இன்று அதே பேட்டையில் மென்பொருள் நிறுவனங்களும் இயங்குகின்றன. அங்கே நமக்கு வைக்கப்படும் இயந்திரம் கண்முன் இராது. எங்கோ ஓர் ஊரில், ஒரு கறுப்புத் திரைக்கு அப்பால் இருக்கும். அதன் ஓசையைக் கேட்கும் செவியை நாம் இங்கேயே பழக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை இணைப்பு அறுந்தால், நண்பர்களே, கணிப்பொறியை அணைக்காதீர்கள். விளக்கு எரிகிறதா என்று குனிந்து பாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.