ஏற்றுமதியும் ஆற்று நீரும்

ஒரு பண்டத்தின் அடக்கவிலையைக் கணக்கிடும் முறையை நம் சங்கங்களின் காரியதரிசிகளுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் ஒரு தேநீர்க் கோப்பை செய்வதாயின், களிமண், மெருகுப் பூச்சு, எரிபொருள், கூலி, உடைசல், வண்டிச்சத்தம் ஆகிய யாவும் கணக்கில் ஏறுகின்றன. சூளைக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதப்படுகின்றது. நெசவாளர் சங்கத்திலும் நூல், சாயம், பாவுக் கூலி, நெசவுக் கூலி, தறித் தேய்மானம் என்று ஒன்று விடாமல் எழுதுகிறோம். ஆனால் மண் எடுத்த குழிக்கும், சாயநீர் சென்று சேர்ந்த ஓடைக்கும் தேய்மானம் எழுதிய ஐந்தொகை ஒன்றையேனும், சங்கங்களைப் பார்வையிடும் பணியிலுள்ள நான் இதுவரை கண்டதில்லை. இந்த விடுபாடு சிறியதன்று என்பதையும், நம் பண்டங்கள் கடல் கடந்து விற்பனையாகும்போது அது எவ்வளவு பெரிதாகின்றது என்பதையும் அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் சாயப்பட்டறை இருப்புப் புத்தகத்தைப் பார்வையிட்டேன். வாங்கிய உப்பு மூட்டைகளின் எண்ணிக்கை ஒழுங்காக இருந்தது. செலவான மூட்டைகளும் நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தன. சாயத்தின் எடையைவிட உப்பின் எடை பன்மடங்கு மிகுந்திருந்தமையால், "இவ்வளவு உப்பும் நூலிலா தங்குகின்றது?" என்று பட்டறை மேஸ்திரியைக் கேட்டேன். அவர் வயதில் மூத்தவர். "உப்பு நூலில் எப்படி நிற்கும் சார்? சாயத்தை ஏற்றிவிட்டு அது தன் வழியே போய்விடும்" என்று கூறிப் பின்புறத்து வாய்க்காலைக் காட்டினார். வாய்க்காலுக்கு அப்பால், நூறு கஜ தூரத்தில், ஒரு கேணி இருந்தது. அதன் சொந்தக்காரர் அதே ஊர் விவசாயக் கடன் சங்கத்தில் அங்கத்தினர். நீர் உவர்த்துவிட்டமையால் அவர் நெற்பயிரைக் கைவிட்டிருந்தார். முதற் சங்கத்தில் எவரும் செலவாக எழுதாத அந்த உப்பு, இரண்டாம் சங்கத்தின் புத்தகத்தில் தவணை தவறிய பயிர்க்கடனாகத் தலைகாட்டியது.

இதன் காரணத்தைச் சிறிது விளக்குவது பொருத்தமாகும். பருத்தி நூலுக்கு இக்காலத்தில் பெரிதும் பயன்படும் ரியாக்டிவ் சாயங்கள் நீரில் எளிதில் கரைவன. அவற்றை நூலில் ஏறச் செய்வதற்காகச் சாதாரண உப்போ, சோடியம் சல்பேட்டோ, லிட்டர் நீருக்குப் பல பத்துக் கிராம் அளவில் சேர்க்கப்படுகின்றது. சாயத்தில் பெரும்பகுதி நூலில் ஏறுகின்றது. எஞ்சியது நீரில் தங்குகின்றது. உப்போ முழுவதும் நீரோடு வெளியேறுகின்றது. நிறத்தைச் சுண்ணாம்பும் பிற மருந்துகளும் இட்டு நீக்கிவிடலாம். கரைந்த உப்பு அம்முறைகளுக்கு வசப்படாது. வெளிவிடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. தெளிந்த நீராகக் கண்ணுக்குத் தோன்றுவது அவ்விதியைப் பன்மடங்கு மீறியிருத்தல் கூடும்.

ஒரு வாய்க்காலில் நேர்ந்த இதுவே, திருப்பூரில் ஓர் ஆற்றுக்கு நேர்ந்தது. உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் பின்னிவந்த அவ்வூர், 1980-களிலிருந்து அயல்நாடுகளுக்குப் பின்னலாடை அனுப்பும் பெருநகராக வளர்ந்தது. அண்மை ஆண்டுகளில் அதன் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. பல மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் சென்ற இலட்சக்கணக்கானோர் அங்குப் பிழைக்கின்றனர். நம் வட்டாரத்து இளைஞர்களும் அவர்களுள் உளர். இந்நன்மையைக் குறைத்துக் கூறுவது நேர்மையாகாது. எனினும், வெள்ளியங்கிரி மலையில் தோன்றித் திருப்பூர் வழியாகக் காவிரியைச் சேரும் நொய்யல் ஆறு, அவ்வூரின் சாயப்பட்டறைகளுக்கும் சலவைப் பட்டறைகளுக்கும் வடிகாலாக மாறியது.

திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைக்கு அருகில், ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டு ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அவ்வணையில் சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவே தேங்கியது. அந்நீரைத் தங்கள் வயல்களுக்கு விட வேண்டாமென்று உழவர்களே மன்றாட நேர்ந்தது. முடிவில் நீர் தேக்குவதே நிறுத்தப்பட்டது. பொதுப் பணத்தில் கட்டிய அணை ஒன்று பயனற்றுப் போயிற்று. எந்த ஏற்றுமதியாளரின் இலாப நஷ்டக் கணக்கிலும் அந்த நஷ்டம் இடம்பெறவில்லை.

2004-ஆம் ஆண்டில் சூழல் இழப்பு ஆணையம் நொய்யல் பகுதியில் 28,000-க்கு மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 9,000 ரூபாயும் தேறாது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் சங்கம் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீர் ஒரு துளியும் வெளிவிடாத நிலையைப் பட்டறைகள் எய்த வேண்டுமென்று கெடு விதித்தது; அதுவரை வெளிவிடும் நீருக்கு லிட்டருக்கு 6 காசு முதல் 10 காசு வரை செலுத்தவும் ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அவ்வாணையை உறுதி செய்தது. அதன் பின்னரும் ஆணை நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் 700-க்கு மேற்பட்ட பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையின்றி நின்றனர். சாயப் பணி வேறு ஊர்களுக்கும் மாநிலங்களுக்கும் சென்றது. பின்னர் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீர்செய்யப்பட்டு, சவ்வு வழியே உப்பைப் பிரித்தும், எஞ்சியதைக் காய்ச்சி வற்றச் செய்தும், நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேற்பட்ட நீரை மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறை நிலைபெற்றது.

இவ்வளவு காலம் தாழ்ந்ததன் காரணம் யாது? 1974 முதல் 2004 இறுதிவரை பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடு வாரியாகப் பங்கீடு விதித்திருந்தன. 2005 ஜனவரியில் அது நீங்கியதும் விலைப் போட்டி கடுமையாயிற்று. கொள்முதல் செய்பவர் திருப்பூரின் விலையையும், டாக்காவின் விலையையும், வேறு பல ஊர்களின் விலையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கின்றார். எவன் கழிவைக் கழுவாமல் விடுகின்றானோ அவனுடைய விலை குறைவாக இருக்கின்றது. ஆற்றைக் காப்பவன் தன் ஒழுக்கத்துக்காகவே ஆர்டரை இழக்கும் நிலை உண்டாகின்றது. வாணிபத்தின் இந்தப் போக்கைத் தனி ஒரு முதலாளியின் பேராசை என்று மட்டும் கூறிவிட்டால் நோயின் மூலம் விளங்காது.

பாலாற்றின் கதையும் இதுவே. பதனிட்ட தோலை அவ்வாறே விற்பதைவிட, முடித்த தோலாகவும் காலணியாகவும் விற்றால் அன்னியச் செலாவணி மிகும் என்று 1970-களில் அரசு ஊக்கமளித்தது. கூடுதல் வருமானம் கிட்டியது. குரோமியமும் உப்பும் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை நிலங்களில் தங்கின. 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், தோல் தொழில் அன்னியச் செலாவணி ஈட்டித்தருவதை ஒப்புக்கொண்டு, அதன் பொருட்டுச் சூழலை அழிக்கும் உரிமை அதற்கில்லை என்றும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. எனினும் இழப்பீட்டையும் ஆற்றின் மீட்பையும் குறித்து அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். ஓர் உழவரின் உழைக்கும் காலம் முழுவதும் அதில் அடங்கிவிடும்.

அயல்நாட்டுச் சந்தை கட்டுப்பாடே விதிப்பதில்லையா எனில், விதிக்கத்தான் செய்கின்றது. புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை வெளியிடும் அசோ சாயங்களை 1994-ல் ஜெர்மனி தடை செய்தது. 1997-ல் நம் நாட்டிலும் அவை தடை செய்யப்பட்டன; 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதே வழியைப் பின்பற்றியது. துணி ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அந்த அமீன் இருந்தால் சரக்கு ஏற்கப்படாது. நம் நாட்டுத் தொழிலாளிக்கும் அதனால் நன்மை விளைந்தது. அதற்கு நன்றி பாராட்டுவோம். ஆனால் ஒப்பு நோக்குங்கள். அணிபவரின் உடலைக் காக்கும் விதி மூன்றே ஆண்டுகளில் ஜெர்மனியிலிருந்து நம் சாயப்பட்டறைக்கு வந்து சேர்ந்தது. நொய்யல் கரை உழவரின் கேணியைக் காக்கும் விதியோ, பட்டறைகள் மூடப்படும் வரை நடைமுறைக்கு வரவில்லை. துணியிலுள்ள நஞ்சைச் சோதிப்பதற்கு ஹாம்பர்க்கில் கருவி உண்டு. அத்துணியைக் கழுவிய நீர் எங்குச் சென்றது என்பதை அக்கருவி காட்டாது.

பயிரிடுவோருக்கும் இது பொருந்தும். நம் வட்டாரம் முந்திரிக்குப் பேர்பெற்றது. விருத்தாசலத்திலுள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகங்களை அங்கத்தினர் பலரும் பயிரிட்டிருப்பர். முந்திரிப் பருப்பில் எஞ்சும் பூச்சி மருந்துக்கு அயல்நாடுகள் அளவு நிர்ணயிக்கின்றன. அந்த அளவு உண்பவரைக் காக்கின்றது. மருந்து தெளிப்பவரைக் காப்பதற்கு அதில் ஓர் எண்ணும் இல்லை. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதி முதல் 2000-ஆம் ஆண்டு வரை எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அங்குள்ள குடும்பங்கள் அடைந்த துன்பத்தை நாடு அறியும். 2011 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அம்மருந்தை நாடு முழுவதும் தடை செய்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் வழங்குமாறு கேரள அரசுக்குக் கட்டளையிட்டது. தோட்டம் செலவாக எழுதாத தொகை, முடிவில் மக்களின் வரிப்பணத்தில் செலவாக எழுதப்பட்டது.

ஆதலின் ஏற்றுமதியே வேண்டாம் என்பது என் வாதமன்று. உள்நாட்டில் விற்கும் வேட்டிக்கு இடும் சாயத்திலும் உப்பு உண்டு. வறுமையுள்ள நாடு முதலில் பிழைக்கட்டும், ஆற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்போருக்கும் விடை கூறவேண்டும். திருப்பூர் அச்செலவைப் பின்னர்தான் பார்த்துக்கொண்டது. பட்டறை மூடல், வேலையிழப்பு, அபராதம், கடன் என்று வட்டியும் முதலுமாகச் செலுத்தியது. செலவு எப்படியும் வந்தே தீரும். அதை விலையில் சேர்த்து வாங்குபவரிடம் பெறுவதா, அல்லது கீழ்மடை உழவரிடம் பிடுங்குவதா என்பதே கேள்வி.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை சில உள. முதலாவதாக, சாயப்பட்டறை இருப்புப் புத்தகத்தில் எடுத்த நீர், இட்ட உப்பு, கழிவு சென்ற இடம் என மூன்று கலங்கள் சேர்க்கப்பட வேண்டும். எழுதப்படாத ஒன்றைப் பொதுக்குழு கேள்வி கேட்க இயலாது. இரண்டாவதாக, அடக்கவிலைக் கணக்கில் நீர்ப் பராமரிப்பு என்று ஒரு தலைப்பு வேண்டும். இதை இலாபத்திலிருந்து ஒதுக்கும் நிதியாக வைக்கலாகாது. இலாபமில்லாத ஆண்டில் ஒதுக்கீடு இராது. ஆனால் உப்பு அந்த ஆண்டிலும் வெளியேறும். தேய்மானத்தைப்போல, இலாபம் கணக்கிடுவதற்கு முன்பே அது செலவாக எழுதப்பட வேண்டும். மூன்றாவதாக, உப்பைப் பிரிக்கும் இயந்திரத்தைத் தனி ஒரு சங்கம் வாங்க இயலாது. திருப்பூரின் சிறு பட்டறைகள் நிலைத்தது பலர் சேர்ந்து அமைத்த பொது நிலையங்களாலேயே. பெயரில் கூட்டுறவு இல்லாவிடினும் அவர்கள் செய்தது கூட்டுறவே. நாமோ பெயரிலேயே கூட்டுறவை வைத்திருப்பவர்கள். நான்காவதாக, நெசவாளர் சங்கத்தின் பொதுக்குழுவுக்குக் கீழ்மடை விவசாயச் சங்கத்தின் பிரதிநிதி ஒருவரை அழைத்து, ஆண்டுக்கு இருமுறை கேணி நீரைச் சோதித்த அளவை அக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். நொய்யலில் சாயக்காரரும் உழவரும் சந்தித்துக்கொண்ட இடம் நீதிமன்றம். இவ்விதழை இருசாராரும் வாசிக்கின்றனர். ஒரே பந்தலில் அமர்வதும் இயலாததன்று.

இவற்றால் விலை சிறிது உயரும்; சில ஆர்டர்கள் கைவிட்டுப் போகவும் கூடும். இதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே எல்லா மாநிலங்களிலும் ஒரே விதி நடைமுறையாக வேண்டுமென்று நம் மேல்மட்டச் சங்கங்கள் அரசை வற்புறுத்த வேண்டும். இல்லையேல் கழிவு ஊர் மாறுமேயன்றிக் குறையாது. அயல்நாட்டுக் கொள்முதலாளருக்கு அனுப்பும் விலைச்சீட்டிலும் நீர்ப் பராமரிப்புச் செலவைத் தனி வரியாக எழுதிக் கேட்க வேண்டும். அவர் தர மறுத்தாலும், தாம் எதைத் தர மறுக்கின்றார் என்பதை அறிந்து மறுக்கட்டும்.

நம் மணிமுத்தாறு ஆண்டில் பல மாதம் மணலாகவே கிடப்பது. அத்தகைய ஆற்றில் கழிவு கலந்தால் அடித்துச் செல்ல வெள்ளமும் இராது. அடுத்த மாதம் ஆண்டுக் கணக்கை முடிக்கும் காரியதரிசிகள், தறித் தேய்மானம் எழுதியபின் பேனாவை மூடுமுன், பின்புறத்து வாய்க்கால்வரை ஒருமுறை நடந்து பார்த்து வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.